எனாமல் பேணியும் புதன்கிழமை விரதமும்

குருநகர்,
19.10.1986

என்றும் என் மதிப்புக்குரிய கத்தரீனா அக்காவுக்கு,

தம்பி கிறிஸ்துநாயகம் எழுதிக்கொள்வது. பேசாலையில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கோட்டையிலிருந்து ஆமியின் செல் குண்டு வருகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அது ஒழுங்காக வருகிறது; உங்கள் கடிதம்தான் பிந்துகிறது.

விசாரணை என்ன ஆயிற்று என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே பக்கத்தில் திருநெல்வேலிக் கந்தோரில் பதினொரு பேருக்குக் கண்ணாடித் தம்ளரிலும், எனக்கு மட்டும் யன்னல் ஆணியில் தொங்கும் எனாமல் பேணியிலும் தேநீர் தருவதைப் பற்றி நான் மேலிடத்துக்கு எழுதியது தெரியும்தானே. ஒன்பது வருடமாக இதே கதை. "கிறிஸ்து, குறை நினையாதையும், நாங்கள் சைவம். மீன் வாடை ஒத்துக்கொள்ளாது" என்பார் தலைமைக் கிளாக்கர் நடராசா. சனிக்கிழமைகளில் என்னைக்கொண்டு விளைமீன் வாங்குவிப்பவரும் அவரேதான். வாடை மீனில் இல்லை, சாதியில் என்பது எனக்குத் தெரியாதா?

விசாரணை ஒரு புதன்கிழமை. பேணியை ஒளித்துவிடுவார்கள் என்று பயந்து முதல்நாளே அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கேதான் காரியம் பிழைத்தது. பெரிய மனிதர்கள் கையில் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று உங்கள் மச்சாள் றோஸ் அதைச் சாம்பலும் தேசிக்காயும் போட்டு மினுக்கி, பூப்போட்ட துணியில் சுற்றித் தந்துவிட்டாள். விசாரணைத் தலைவர் அவிழ்த்துப் பார்த்தார். "வடிவான பேணியாக் கிடக்கு. எங்கடை கந்தோரிலை உப்பிடி ஒண்டும் இல்லையே!" என்றார். நடராசா அதையே பிடித்துக்கொண்டார். "அதுதானே ஐயா, மரியாதைக்கெண்டு அவருக்குப் புறம்பா வைச்சது." மற்ற ஒன்பது பேரும் ஓம் போட்டார்கள். சாட்சி சொல்ல வருகிறேன் என்ற முத்துக்குமாருவுக்கு அன்று காலை பார்த்து வயிற்றுப்போக்கு. என் பக்கத்துக் கதிரை வெறும் கதிரை. அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே எழும்பி, "அப்பிடியெண்டா ஐயா, அந்த மரியாதையை இண்டைக்கு ஒருக்கா நடராசா அண்ணைக்குச் செய்து பாப்பம்" என்றேன்.

தலைவர் சிரிக்கவில்லை. பியோன் ஏரம்புவைக் கூப்பிட்டுப் பேணியில் தேநீர் ஊற்றுவித்து நடராசாவுக்கு முன்னால் வைத்தார். "நான் இண்டைக்கு விரதம்" என்றார் நடராசா. அடுத்தவருக்கு நகர்த்தினார்கள். அவரும் விரதம். பத்துப் பேரும் விரதம் அக்கா, புதன்கிழமையில்! நடராசாவின் மீசையில் பருப்பு வடைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைவர் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் அந்தத் தேநீரைக் குடித்தது பறந்து வந்து விழுந்த ஒரு இலையான் மட்டும்தான்.

போன கிழமைக்கு முந்தின கிழமை தீர்ப்பு வந்தது. இனி எல்லோருக்கும் ஒரே தம்ளர். வென்றுவிட்டேன் அக்கா.

அத்தானுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் வள்ளத்துக்கு முன்னால் போகட்டும்.

இப்படிக்கு,
தம்பி கிறிஸ்துநாயகம்

பி.கு.: தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து கந்தோரில் தேநீர் ஊற்றுவதே இல்லை. எல்லோரும் வீட்டிலிருந்து சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்து அவரவர் மேசையில் குடிக்கிறார்கள். முந்தி பத்து மணிக்கு "கிறிஸ்து, வாருமன்" என்று ஒரு சத்தமாவது கேட்கும். இப்போது பென்சில் இரவல் கேட்கக்கூட ஆள் இல்லை. மன்னாருக்கு மாற்றம் கேட்டு எழுதிவிட்டேன். றோஸுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பன்னிரண்டு பேரும் ஒன்றாக இருந்து குடிக்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நான் சைக்கிளை விட்டு இறங்க முதல், "இண்டைக்கு ஆர் என்ன கதைச்சவை?" என்று கேட்கிறாள். நானும் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று கட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.