ஞாயிற்றுக்கிழமை அறிக்கை

இனி யாருக்கும் அடங்கிப் போவதில்லை என்று எழுபத்தாறாவது வயதில் முடிவெடுத்தேன். காரணம் என் மகன். கார் சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றான்.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. போன வருஷம் ஏதோ நினைப்பில், பஸ் நிறுத்தத்தைக் கண்டதும் காரை நிறுத்திவிட்டேன். ஒரு அம்மாள் ஏறி உட்கார்ந்தாள். அவள் சொன்ன இடத்தில் இறக்கிவிட்டேன். இதற்குப் பெயர் உபகாரம். மகன் புத்தித் தடுமாற்றம் என்கிறான்.

கடைசியில் சமரசம். சாவி என்னிடமே இருக்கும். ஓட்டும்போது பக்கத்தில் என் மனைவி இருப்பாள். ஞாயிறுதோறும் மகனுக்குப் போனில் அறிக்கை தருவாள். ஒரு புகார் வந்தாலும் சாவி போச்சு.

டிராஃபிக் போலீஸையே சமாளித்தவன். இவளைச் சமாளிக்க மாட்டேனா?

முதல் வாரமே ஆரம்பித்தாள்.

“நேத்து சிக்னல்ல சிவப்புல போனீங்களே.”

“மஞ்சள்.”

“எனக்குச் சிவப்பாத்தான் தெரிஞ்சுது. பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு. தேய்ச்சா கண்ணு கொஞ்சம் தெளியுமோ என்னமோ.”

“தேய்ச்சுக்கோ. யாரு வேணாம்னா?”

“நீங்க தேய்ச்சா.”

தேய்த்தேன். சிக்னல் மஞ்சளாகிவிட்டது.

பிறகு துணி மடித்தேன். வெங்காயம் நறுக்கினேன். ஜன்னல் துடைத்தேன். ஞாயிறானால் போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முக்கால் மணி நேரம். நடுநடுவே கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பாள். நான் வேகமாகத் துடைப்பேன்.

நாலு மாதம் பொறுத்தேன். மகனை நானே கூப்பிட்டேன்.

“போதும்டா இந்த ரிப்போர்ட்டு. உங்கம்மாவை நிறுத்தச் சொல்லு.”

“எந்த ரிப்போர்ட்டுப்பா? அம்மா முதல் வாரமே சொல்லிட்டாங்களே. அப்பா ஒழுங்காத்தான் ஓட்டுறாரு, இனிமே கேக்காதேன்னு. நானும் விட்டுட்டேன்.”

நேரே சமையலறைக்குப் போனேன்.

“ஞாயித்துக்கிழமை யார்கிட்ட பேசுற?”

“என் தங்கச்சிகிட்ட.”

“முக்கால் மணி நேரம் அப்படி என்ன பேச்சு?”

“நீங்க ஜன்னல் துடைக்கிற அழகைத்தான். அவ வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க மாட்டாராம். அவளுக்கு ஒரே பொறாமை.”

“இனிமே இந்த வீட்டுல ஒரு வேலையும் தொட மாட்டேன்.”

“சரிங்க. இந்த ஞாயித்துக்கிழமை பையன்கிட்டயே பேசிடறேன்.”

பாத்திரம் தேய்க்கிற நார் எங்கே என்று கேட்டேன்.