பழம்பெரும் சபையின் ழகர வால்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு மச்சானின் வாயை அடைத்தே தீருவது என்று நம்மவர் முடிவு கட்டிவிட்டார்.

நம்மவருக்குத் தொழில், கம்ப்யூட்டரில் எழுத்துரு வரைவது. கடைசியாக முடித்தது அந்தக் காலத்துப் பாணியில் ஒன்று. ஒவ்வொரு எழுத்துக்கும் தடித்த சரீரம், முனைகளில் குட்டிப் பாதங்கள், போதாக்குறைக்குச் சுருள் சுருளாக வால்கள். பெயர்ப் பலகைக்கும் போஸ்டர் தலைப்புக்கும்தான் ஆகும். அதில் ஒரு பத்தி அடித்தால் படிக்கிறவருக்குத் தலை சுற்றும்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வரும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்வி.

"எல்லா எழுத்தும் ஏற்கெனவே இருக்கே மாப்ளே, நீங்க புதுசா என்னத்த வரையறீங்க?"

எல்லோரும் சிரிப்பார்கள். நம்மவரும் சிரிப்பார். அப்புறம் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

ஆகவே ஒரு விருது அவசியமாயிற்று. யாரும் கொடுக்கிற வழியாக இல்லை. தானே கொடுத்துக்கொண்டார். 'பழம்பெரும் எழுத்துக்கலைச் சபை' என்று புது எழுத்துருவிலேயே கொட்டை கொட்டையாகத் தலைப்பு. சபை தொடங்கிய வருடம், அவருடைய தாத்தாவே பிறக்காத வருடம். நடுவில், 'அழிந்துபோன சுவடி எழுத்துகளை மீட்டெடுத்த மாமேதை' என்று தன் பெயர். தலைவரின் கையெழுத்தை இடது கையால் போட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டு, மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து ஹாலில் மாட்டினார்.

"என்னங்க இது?"

"விருது. தபால்ல வந்துச்சு."

மனைவி காய்கறிப் பையை இறக்கிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நூறு வருஷத்துச் சபையா?"

"அதுக்கும் மேல!"

"இந்த எழுத்தும் அப்போலருந்தே வெச்சிருக்காங்களோ?"

"பாரம்பரியம் இல்லையா! உயிரே போனாலும் மாத்த மாட்டாங்க."

"நல்லா இருக்கு" என்று உள்ளே போய்விட்டாள். நம்மவர் மீசையை நீவிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். சட்டத்தைப் பார்த்தார். வழக்கமான கேள்வி வரவே இல்லை.

"மாப்ளே, உங்கள என்னவோன்னு நெனச்சுட்டேன்" என்றார் சாப்பிட உட்கார்ந்ததும். "அடுத்த வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு கூட்டம் இருக்கு. அங்கயே உங்களுக்குப் பாராட்டு வெச்சிடலாம். சபைத் தலைவரையும் கூப்பிடுவோம். அவர் நம்பர் குடுங்க."

நம்மவர் அவசரமாகத் தண்ணீர் டம்ளரை எடுத்தார். "அவர்... அது வந்து மச்சான்..."

"அவரு ரொம்ப வயசானவருண்ணே. வெளிய எங்கயும் வர்றதில்ல" என்றாள் மனைவி, பரிமாறிக்கொண்டே. "இவருக்கும் இந்த விளம்பரமெல்லாம் ஆகாது."

மச்சான் தலையாட்டினார். நம்மவருக்குக் காது மடல் சுட்டது. இல்லாத தலைவரின் வயது இவளுக்கு எப்படித் தெரிந்தது?

மச்சான் கிளம்பியதும் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பார்த்த உடனேயே. 'ழ'வுக்கு எந்த வால் வைக்கலாம்னு போன மாசம் மூணு காட்டிக் கேட்டீங்களே? துணி மடிச்சுக்கிட்டே நான்தானே அந்த வாலைச் சொன்னேன்? நூறு வருஷத்துக்கு முன்னாடி நான் எங்கங்க இருந்தேன்?"

நம்மவர் கூனிக் குறுகிப் போனார். தான் பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. தனக்காக அவளைச் சொந்த அண்ணனிடமே பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்பதுதான் நெஞ்சைக் குடைந்தது.

"கழட்டிடறேன்" என்றார், தரையைப் பார்த்தபடி.

"வேணாம். அண்ணன் அடுத்த தடவை வந்தா கேப்பாரு. கீழ இன்னொரு ஆணி மட்டும் அடிச்சு வைங்க."

எதற்கு என்று கேட்கிற நிலையில் அவர் இல்லை. அடித்து வைத்தார்.

மறுநாள் காலை அந்த ஆணியில் இன்னொரு சட்டம் தொங்கியது. அதே சபை, அதே எழுத்து, அதே வால். 'பாத்திரம் துலக்குவதில் வாழ்நாள் சாதனையாளர்' என்று போட்டு, நம்மவர் பெயர். கீழே தலைவர் இடத்தில் மனைவியின் கையெழுத்து.

"உங்களோடதுல எழுத்து மட்டுந்தான் அசல்" என்றாள் அவள். "இதுல கையெழுத்தும் அசல்."

"நான் இதுவரைக்கும் ஒரு டம்ளர்கூடத் துலக்குனதில்லையே!"

"அதனால என்ன? செய்யாததுக்கு விருது வாங்குறது உங்களுக்குப் புதுசா?"