சமுத்திர ராஜன், கதவு எண் ஒன்று, கடல்

வீட்டில் படித்தவன் ஒருவன் இருந்தால் வேறு எதிரியே வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தப் படித்தவன் நான் (பி.காம்., இரண்டு அரியர்).

திருவொற்றியூரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் என் அக்கா பாக்கியத்துக்கு வெப்சைட் ஆரம்பித்துக் கொடுத்தது நான்தான். வெப்சைட்டுக்கான பெயரை, அதாவது டொமைனை, வாங்கும்போது உரிமையாளர் பெயர், முகவரி கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் விளம்பர போன் வந்து உயிரை எடுக்குமே என்று 'சமுத்திர ராஜன், கதவு எண் ஒன்று, கடல்' என அடித்துவிட்டேன். ஏனென்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் டொமைன் கைக்கு வந்தது.

ஆறு மாதம் கழித்துக் கடை வாசலில் சண்டை. எவனோ எங்கள் படங்களையே போட்டு, டொமைன் பெயரில் டாட் காம் என்ற வாலை மட்டும் டாட் இன் என மாற்றி, போலிக் கடை திறந்திருந்தான். வஞ்சிரக் கருவாட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் அக்காவைத் திருடி என்றார்கள். அவள் அன்று சாப்பிடவில்லை.

சைபர் கிரைம் போலீஸில் நான் முழங்கினேன். "பொய்ப் பேர்ல டொமைன் வாங்கறவனைத் தூக்கி உள்ள போடணும் மேடம்."

இரண்டு டொமைன்களின் விவரங்களையும் வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "நீங்க போலின்னு சொல்ற சைட் பாக்கியம்ன்ற பேர்ல, உங்க கடை அட்ரஸ்ல சரியா இருக்கு. உங்க சைட்லதான் குழப்பம். யாருங்க இந்தச் சமுத்திர ராஜன்?"

திருடன் ஒழுங்காக எழுதியிருக்கிறான். நான்தான் கடலில் குடியிருக்கிறேன். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அக்கா பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பாக்கியம் நான்தான் மேடம். அந்தக் கடை என் பேர்ல கீதுன்னா என்துதானே? மூட சொல்றேன். வேணான்றவன் வந்து மூஞ்ச காட்டட்டும்."

இன்ஸ்பெக்டர் சிரித்தேவிட்டார். அக்கா விடவில்லை.

"எங்க வூட்டுக்காரரு படகை கடல்ல எறக்க நம்பர் கேட்டாங்க, பேப்பர் கேட்டாங்க. எத்தினி தபா அலைய வுட்டாங்க. இதுக்கு மட்டும் இந்தப் பன்னாட இன்னா எழுதினாலும் குட்துடுவாங்களா?" (பன்னாடை நான்.)

உரிமையாளர் அடையாளம் காட்ட வேண்டும் என்று இரண்டு டொமைனையும் விற்ற கம்பெனிக்குக் கடிதம் போனது. அக்கா காட்டி, எங்கள் சைட்டையும் தன் பெயருக்கே மாற்றிக்கொண்டாள். திருடன் காட்டவில்லை. இரண்டே நாளில் போலிக் கடைக்குப் பூட்டு விழுந்தது. இப்போது அந்தக் கம்பெனி அடையாள அட்டை பார்க்காமல் யாருக்கும் டொமைன் தருவதில்லையாம். திருடி என்று திட்டியவர்களே கடைக்குத் திரும்ப வந்தார்கள். எனக்கு அப்படியொரு பெருமை.

போன மாதம் என் மகளைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பத்தை விரித்தேன். அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அட்ரஸ நான் எழுதறேன். இவன் எழுதினா ஸ்கூல் பஸ்ஸு கடல்ல போய் நிக்கும்."