போத்தல் வேலைக்குப் போன நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். ஒரு வலையைப் பள்ளிக்கூட மண்டபத்துச் சுவரில் தொங்கவிட வேண்டும்.

ஆணி அடித்தாயிற்று. நாலு ஆணி, நானே கதிரையில் ஏறி அடித்தது. வலைதான் வரவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மாம்புரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தில்லையடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிற ஆள். எங்கள் பத்தாம் வகுப்பும் நோர்வேயில் ஒரு பத்தாம் வகுப்பும் மூன்று மாதமாக இணையத்தில் சேர்ந்து ஒரு திட்டம் செய்கின்றன. எறிந்த பிளாஸ்டிக்கை மறுபடி பயன்படுத்துவது. அவர்கள் செய்ததை அவர்கள் காட்டுவார்கள், நாங்கள் செய்ததை நாங்கள் காட்ட வேண்டும்.

அவர்களுக்கு எங்களைப் போல இன்னொரு நாட்டிலும் ஒரு கூட்டாளிப் பள்ளிக்கூடம் இருக்கிறது. அடுத்த வருடத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்களாம். செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரைக்கு நடக்கும் வீடியோ கூட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு.

என்னைவிட இதில் ஆசையாக இருந்தவள் சப்னா. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் பூச்சாடி, பேனா வைக்கும் கூடு என்று சொல்லிக்கொண்டிருக்க, அவள்தான் எழும்பி, "வலைக்கு மிதப்பாக் கட்டுவம் டீச்சர்" என்றாள். அவளுடைய வாப்பா மீன்பிடிக்கிறவர். மிதப்பு இல்லாவிட்டால் வலை தாழ்ந்துபோகும் என்பது அந்தப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

யோசனை நல்லது. போத்தல்தான் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் வெறும் போத்தல் என்று ஒன்று எந்த வீட்டிலும் இல்லை. ஒன்றில் மண்ணெண்ணெய் இருக்கும், ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் ஹஜ்ஜுக்குப் போன யாரோ கொடுத்த ஸம்ஸம் தண்ணீர். பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். மூன்று பேர் சோடாவோடு கொண்டுவந்து, அதைக் குடித்து முடிக்க என்னையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் கடற்கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கி, மூடியை இறுக்கி, நூற்றிருபது போத்தலை ஒரு பழைய வலையில் கட்டினோம். கட்டியது சப்னாவின் வீட்டில்.

திங்கட்கிழமை பள்ளி விடும்போது நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

"வாப்பாட்ட சொல்லி வலையை நல்லாப் பாத்து வைக்கச் சொல்லுங்க மகள்."

பத்திரமாக வைக்கச் சொன்னேன். வேறொன்றும் இல்லை.

செவ்வாய் காலை ஏழரைக்கு சப்னா வந்தாள். வெறுங்கையோடு.

"வலை எங்க மகள்?"

"வாப்பா கொண்டுபோயிட்டார் டீச்சர்."

"எங்க?"

"கடலுக்கு."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். அவள் எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து ஆறுதலாக விளக்கினாள். "நீங்கதானே பாத்து வைக்கச் சொன்னீங்க. வாப்பா பாக்கத்தான் போயிருக்கார்."

சரிதான். மீன்பிடிக்கிறவர் வலையை வேறு எங்கே போட்டுப் பார்ப்பார்? என் வீட்டு அலுமாரியிலா?

பதினொரு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுவார் என்றாள். பதினொன்று ஆயிற்று. வரவில்லை. அவருக்குப் போன் எடுத்தால் கிடைக்கவில்லை. அவளுடைய உம்மாவுக்கு எடுத்தேன். பக்கத்து வள்ளத்துக்காரர் வந்து சேதி சொன்னாராம். புது மிதப்பு போட்ட வலையில் மீன் நன்றாகப் படுகிறதாம், அதனால் மனுசன் இன்னொரு தடவை போட்டிருக்கிறாராம். உம்மாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் திட்டம் அவ்வளவு வெற்றி. அதனால்தான் அதைக் காட்ட முடியவில்லை.

சரி, படம் இருக்கிறதே என்று போனைத் திறந்தேன். வலை கட்டி முடித்த அன்று நான் எடுத்தது ஒரே ஒரு படம். அதில் பாதி என் பெருவிரல். மீதியில் இரண்டு போத்தலும் ஒரு கோழியும்.

ஒன்றேகாலுக்குப் பள்ளிக்கூட அதிபர் லுஹர் தொழுதுவிட்டு, தொப்பியைக் கழற்றாமலே நேராக மண்டபத்துக்கு வந்தார். எங்கள் அதிபர் நல்ல மனுசர், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறவர், இந்த வெளிநாட்டுத் திட்டத்துக்கு அரை மனதோடுதான் சம்மதித்தவர். நாலு ஆணியையும் மேலும் கீழும் பார்த்தார். இதுதான் திட்டமா என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது சேர் என்றேன். பொய் இல்லை. எப்படியும் ஒரு நேரம் கரைக்கு வரத்தானே வேண்டும்.

ஒன்றரைக்கு, என் போனை இணைத்திருந்த திரையில் நோர்வே வந்தது. இருபது பிள்ளைகள், எல்லோரும் தடித்த உடுப்போடு, முன்னால் அவர்களுடைய டீச்சர், பின்னால் ஜன்னலில் பனி. இங்கே எங்கள் முப்பத்திரண்டு பேரும் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்கள்.

சப்னா எழும்பிப் போய் நின்றாள். இரண்டு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் பாடமாக்கியவள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் மறந்துட்டு டீச்சர்" என்றாள்.

வலையும் இல்லை, இப்போது பேச்சும் இல்லை. எங்களுக்குக் கொடுத்த பத்து நிமிடமும் போனால் அவளுடைய மூன்று மாதமும் போயிற்று.

உடனே என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்கிற நாட்களில் கொஞ்சம் தள்ளி நிற்பது எல்லோருக்கும் நல்லது. அந்த வீடியோவில் நாம் தமிழில் சொன்னால் அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுத்து வரும், அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னால் எங்களுக்குத் தமிழில் எழுத்து வரும், அப்படி ஒரு வசதி இருந்தது. அதைத் தட்டிவிட்டேன்.

"பயப்பிடாமத் தமிழ்லயே கதையுங்க மகள்" என்றேன்.

திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. பயப்படாமல் தமிழிலேயே கதை சொல்லுங்கள் என்று. எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. அந்த இயந்திரத்துக்குத் தமிழ் படிப்பித்தவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லைப் போல. நோர்வே டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தங்கள் வகுப்புக்குக் கதை என்றால் மிகவும் பிடிக்கும், சொல்லுங்கள் என்றார். பிள்ளைகள் இருபது பேரும் கதை கேட்கக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

சப்னா இன்னும் நிற்கிறாள். கதையும் இல்லை, பேச்சும் இல்லை.

அந்த டீச்சர் நல்லவர். பிள்ளைக்கு உதவட்டும் என்று ஒரு லேசான கேள்வி கேட்டார். நீங்கள் பொறுக்கிய பாட்டில்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

நான் வாயைத் திறக்க முன்னம் வகுப்பு முந்திவிட்டது. "கடல்ல!"

இயந்திரம் இதைச் சரியாக எழுதியது. மற்றதை எல்லாம் பிழைவிட்ட இயந்திரம், இதை மட்டும்.

டீச்சரின் சிரிப்பு நின்றது. கீழே அடுத்த கேள்வி தமிழில் வந்தது. பாட்டில்களை நீங்களா கடலில் போட்டீர்கள்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. விளங்கிச்சா என்று கேட்டாலும் சரி, வீட்டுவேலை செய்தீர்களா என்று கேட்டாலும் சரி, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் இழுத்துத்தான் பதில் சொல்லும். முப்பத்திரண்டு பேரும் இழுத்தார்கள்.

"ஓஓஓம்!"

மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆங்கிலத்தில் இரண்டே இரண்டு எழுத்தை எழுதியது. ஆம் என்று அல்ல. கண்ணை மூடித் தியானம் செய்கிறவர்கள் சொல்வார்களே, அந்த ஓம்.

அந்த டீச்சர் மெல்ல எழும்பினார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்தார், கண்ணை மூடினார். பிள்ளைகளும் ஒவ்வொருவராகக் கையைச் சேர்த்துக் கண்ணை மூடினார்கள். பிறகு எல்லோருமாக, எங்களைவிட அழகாக, சுருதி பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள். "ஓஓஓம்."

அதிபர் என் பக்கம் குனிந்தார். "டீச்சர், இவங்க என்ன செய்யிறாங்க?"

"மரியாதை செய்யிறாங்க சேர்."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான் சேர்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. போத்தல் கேள்வி தியானத்தில் கரைந்துவிட்டது, இப்படியே கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடத்தையும் கடத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நோர்வே வகுப்பின் மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் கண்ணை மூடவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தாள், தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது பார்த்தேன், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"டீச்சர்," என்று நல்ல தமிழில் கூப்பிட்டாள். "நான் ஆரணி. அம்மா அப்பா யாழ்ப்பாணம். நீங்கள் ஓம் எண்டது ஆம் எண்டுதானே? எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். நீங்கள் கதைக்கிறது அப்பிடியே எங்கட பெரியம்மா மாதிரி இருக்கு."

எனக்கு வயது முப்பத்திநாலு. அதை விடுங்கள். எங்கள் குடும்பமும் தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு வந்ததுதான். கையில் கொண்டுவர முடிந்தது கொஞ்சம், வாயில் இருந்ததெல்லாம் கூடவே வந்தது. பனி விழுகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் அதே வாய்ப்பேச்சைக் கேட்டபோது மனம் இளகிவிட்டது.

இளகி முடிக்கவில்லை, அதற்குள் அந்தப் பிள்ளை உதவி செய்கிறேன் என்று எழும்பித் தன் வகுப்புக்கு நோர்வே மொழியில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டாள்.

இருபது முகமும் மாறியது. கைகள் கீழே இறங்கின. டீச்சர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார், கீழே எழுத்து ஊர்ந்து வந்தது. அப்படியென்றால், எல்லா பாட்டில்களையும், கடலிலேயே போட்டுவிட்டீர்களா?

பொய் பேசக் கூடாது என்று படிப்பித்தது நான்தான்.

"ஓஓஓம்!"

இந்த முறை கண்ணை மூடிக்கொண்டவர் எங்கள் அதிபர்.

சப்னாவைப் பார்த்தேன். சுவரில் இருந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும், ஆனால் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அந்த இயந்திரம் அதை என்னவாக மாற்றும் என்ற பயத்தில் வாய் கட்டிப்போய்விட்டது.

அப்போது பின்பக்கம் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. எங்களுக்கு எல்லா எஞ்சினும் ஒன்றுதான். சப்னாவுக்கு அப்படி இல்லை. "வாப்பா" என்றாள். அவ்வளவுதான், கூட்டம் ஓடிக்கொண்டிருந்த என் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தென்னை, அதற்குப் பிறகு கடற்கரைதான். அவள் பின்னால் நான், என் பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள், கடைசியில் காற்சட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதிபர். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்தது. கையில் ஒரு செருப்பு, காலில் ஒரு செருப்பு, நோர்வே பார்க்க ஓடினேன்.

வள்ளம் கரை தட்டியிருந்தது. வலை பாதி வள்ளத்தில், பாதி இன்னும் தண்ணீரில். அந்தத் தண்ணீரில் எங்கள் போத்தல்கள் பச்சையும் நீலமும் வெள்ளையுமாக வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தாழவில்லை. சப்னா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனை அவற்றின் பக்கம் பிடித்தாள்.

மறந்துபோன ஆங்கிலம் அப்போதுதான் வந்தது. எல்லாம் வரவில்லை, நாலைந்து சொல். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"எறியல்ல. போத்தல் வேலைக்குப் போயிருக்கு."

அங்கே யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். சப்னா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் மூக்கை உறிஞ்சினேன், செருப்பு போன கவலை என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

வாப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஆரு மகள் போன்ல?" என்றார்.

"நோர்வே வாப்பா."

அவர் ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கிக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தார். "அங்க மீன் இல்லையாமா?"

ஆரணி அதை மொழிபெயர்த்தபோது அந்த வகுப்பு சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. மூடி கழன்றால் என்ன செய்வீர்கள், வெயிலில் எத்தனை நாள் தாங்கும், வெடித்தால் மாற்றலாமா என்று. சப்னா பாதி ஆங்கிலம், பாதி தமிழ், மீதி கையால் சொன்னாள். இடையில் ஆரணி இருந்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை கடிதம் வந்தது. அடுத்த வருடமும் நாங்கள்தான் கூட்டாளி. போத்தலை எப்படிக் கட்டுவது என்று சப்னா தங்கள் வகுப்புக்குப் படிப்பிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கித் தானும் இரண்டு தரம் வாசித்தாள், பிறகு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.

வலையைத் திருப்பிக் கேட்டு வாப்பாவுக்கு மூன்று தரம் சொல்லி அனுப்பிவிட்டேன். சீசன் முடியட்டும் டீச்சர் என்கிறார். சுவரில் நாலு ஆணியும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் அதிபர் குடையைத் தொங்கவிடுகிறார்.

அந்தக் கடிதத்தின் கடைசி வரிதான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. இப்போது தங்கள் வகுப்பில் எந்தக் கேள்வி கேட்டாலும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "ஓஓஓம்" என்றுதான் பதில் சொல்கிறார்கள் என்று அந்த டீச்சர் சந்தோஷமாக எழுதியிருந்தார்.

அதிபர் அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சந்தோஷந்தான், ஆனால் வெளிநாட்டோடு கதைக்கும்போது வீண் குழப்பம் வேண்டாம், இனிமேல் இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் 'ஆம்' என்று சொல்லிப் பழக வேண்டும் என்றார்.

"எல்லாருமா சேர்? நீங்களும் சேத்தா?"

"ஓம் ஓம்" என்றார் அதிபர். "நானும் சேத்துத்தான்."