கணப்போரம் வென்ற சருக்கம்

கால்விரல் பத்திலும் குளிர்வெடிப்புத் தரித்தவரே, மோர்வினி நகர் ஈன்றெடுத்த பத்திர எழுத்தர்குலத் திலகமே, தேசிய மன்றத்துப் பின்வரிசைச் சிங்கமே, ஒனெசிம் லாகூர்த் பெருமானே, நீடு வாழ்க! மன்னராட்சியின் முதுகெலும்பை முறித்த அம்மாமன்றத்தில், முதுகைச் சூடாக்கிக்கொள்ள ஒரே ஓர் ஆசனம்தான் இருந்தது என்பதையும், அதை நீர் வென்ற விதத்தையும் பாடாவிட்டால் எமக்கு உண்ட சோறு செரிக்காது.

கேளுங்கள். பாரிசு மாநகரில், முன்னாளில் மன்னரின் குதிரைகள் சுற்றிச் சுற்றி ஓடிய கொட்டகையில், இந்நாளில் மக்களின் பேராளர்கள் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஜனவரிப் பனியில் மைக்கூட்டில் மை உறைய, மூக்கு நுனியில் சொட்டு உறைய, சமத்துவம் சமத்துவம் என்று முழங்கிய நாவும் பாதியில் உறைய, நடுக்கூடத்தில் நின்ற கணப்பு ஒன்றே கண்கண்ட தெய்வமாய்த் திகழ்ந்தது. மக்கள் இடித்துத் தள்ளிய சிறைக்கோட்டையின் வடிவிலேயே அதைச் செய்துவைத்திருந்தார்கள். அதையொட்டிய பலகையில் ஒருவர்தான் அமரலாம். எழுந்தால் போயிற்று, அடுத்தவருக்குச் சொந்தம்.

அன்று லாகூர்த்துக்கு அது போதாதென்று வேறொரு போரும் இருந்தது. மாவட்ட நீதிமன்றம் மோர்வினிக்கா, மலைக்கு அப்பாலுள்ள தார்சாக்குக்கா என்று அன்றுதான் முடிவாக வேண்டும். வேலித் தகராறுக்கும் நீதிமன்றம் தேடி ஒரு பகல் முழுக்க மலையேறி நடந்து சலித்த மோர்வினி மக்கள், அவரை வண்டியேற்றும்போதே சொல்லியிருந்தார்கள்: "கோர்ட்டோட வாங்க. இல்லாட்டி அங்கயே இருந்துக்கங்க." சொன்னவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி.

வைகறையில், வாயிற்காவலர் கொட்டாவி விட்ட வாயை மூடுமுன், இரு பாதிரியாரையும் ஒரு பிரபுவையும் முழங்கையால் புறங்கண்டு, பகைமுடித்த வேந்தன் அரியணை ஏறினாற்போல் லாகூர்த் அப்பலகையில் ஏறினார். பத்து நிமிடம் பிந்தி வந்த தார்சாக்கின் பேராளர் கிராசியன் பெலோகன், மீனுக்குக் காத்த கொக்காக அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"ஓய் லாகூர்த், வாசல்ல உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு."

"வந்தவர் உள்ள வரட்டும் ஓய்."

"எதிர்க்கடையில ஆட்டுக்கறி கொதிக்குது. இங்க வரைக்கும் மணக்குது பாருங்க."

"மணக்குதுல்ல? எனக்கு அது போதும்."

இவ்வாறு செப்பி, சட்டைப்பையில் கிடந்த காய்ந்த ரொட்டியைக் கடித்த அப்பெருந்தகை, நண்பகல் கடந்தும், அடிவயிறு முட்டியும், தொடைமேல் தொடையிட்டு அசையாதிருந்தார். அடேயப்பா, என்ன வைராக்கியம்! அதில் பாதியைச் சட்டம் படிப்பதில் காட்டியிருந்தால் மனிதர் எங்கேயோ போயிருப்பார்.

அப்போது அவைத்தலைவர் மணியடித்து முழங்கினார்: "நீதிமன்றம் மோர்வினிக்கே என்போர் எழுந்து நிற்க! தார்சாக்குக்கே என்போர் அமர்ந்திருக்க!"

ஐயகோ! எழுந்தால் ஆசனம் போகும். இருந்தால் ஊர் போகும். எழுவாரும் அமர்வாருமாய் அவை இரண்டாய்ப் பிளக்க, லாகூர்த் பெருமான் ஒரு கையால் பலகையை இறுகப் பற்றி, பின்னால் நிற்கும் பகைவனின் மூச்சு தம் பிடரியில் படுவதாகவே எண்ணி, இரண்டு விரற்கடை உயர்ந்தார். அதற்குமேல் உயர நெஞ்சு துணியவில்லை. தலை எண்ணி வந்த செயலர் எட்டிப் பார்த்தார்.

"கணப்போரம் இருக்கறவரே, நிக்கறீங்களா, உக்காந்திருக்கீங்களா?"

"நிக்கறேன்யா!"

"கை பலகையில ஒட்டிக்கிட்டிருக்கே, இதுக்குப் பேரு நிக்கறதா? உக்காந்தவங்களோட சேத்துடறேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. எழுந்து நின்று கத்தியிருக்கலாம்; எழவில்லை. நின்றவர் தொண்ணூற்றொருவர், அமர்ந்தவர் தொண்ணூற்றிருவர், தீர்மானம் தோற்றது என்று செயலர் படித்தபோதுதான் லாகூர்த் கழுத்தைத் திருப்பினார். பின்னால் ஆளைக் காணோம். குனிந்து பார்த்தார். நின்றால் மோர்வினிக்கு வாக்காகிவிடுமே என்று பதறிய பெலோகன், மணியடித்த கணமே, சில்லிட்டுக் கிடந்த கல்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"எந்திரிக்காதீங்க ஓய்," என்றார் பெலோகன், மரத்துப்போன பின்புறத்தைத் தேய்த்தபடி எழுந்து. "நல்லா குளிர் காயுங்க."

இங்ஙனம், பகைவரெல்லாம் பின்வாங்க, போட்டியிடுவார் எவருமின்றி, கோட்டைக் கணப்பின் செந்தழல் முகத்தில் ஒளிர, ஊரும் உறவும் கண்முன் வந்து வந்து நிற்க, ஒனெசிம் லாகூர்த் பெருமான் அந்திமட்டும் அவ்வாசனத்திலேயே வீற்றிருந்தருளினார்.

அந்த வருஷம் முழுக்க அவர் ஊர்ப்பக்கம் போகவில்லை.