பின்னால் அனுப்பப்பட்ட நாகலெட்சுமி டீச்சர்

நியாயம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட நூலகம் அம்மா உண்டாக்கியது. அம்மா நாகலெட்சுமி அங்கே கணக்கு டீச்சர். ஹட்டன் டவுனில் கடை கடையாய் ஏறி இறங்கி, கொழுந்துச் சாக்கில் புத்தகம் சுமந்து வந்தவர். அப்பா செல்லசாமி அதே பள்ளிக்கூடத்து அதிபர், அதாவது தலைமையாசிரியர். அவர் சுமந்தது கத்தரிக்கோல். திறப்பு விழாவில் நாடா வெட்ட.

இப்போது ஆண்டு விழா. கல்விப் பணிப்பாளர் வருகிறார். நூலகக் கதையைத் திரையில் பார்த்துவிட்டு, உழைத்தவருக்குப் பொன்னாடை போர்த்துவாராம். அப்பா கம்பியூட்டர் முன் உட்கார்ந்து திரைக்கான படத்தை அடுக்கினார். அடியில் அம்மா படம், அதை மூடி நூலகப் படம், எல்லாவற்றுக்கும் மேலே மீசை முளைக்காத காலத்துத் தன் படம்.

பல்கலைக்கழக லீவில் வந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, அம்மா எங்க?"

"பின்னால இருக்காங்க."

"தெரியலையே!"

"தெரியாட்டி இல்லேனு ஆகிருமா? இங்கேருந்து பாத்தா ஹட்டன் தெரியுதா? அதுக்காக ஹட்டன் இல்லியா?"

"அப்ப நீங்க பின்னால போங்க. நீங்களும் இருப்பீங்கதானே?"

"ஒன்னைய கெம்பஸுக்கு அனுப்புனது என் தப்பு."

அம்மா சிரித்தார். "விடு புள்ள. நான் பின்னாலயே இருக்கேன். என்னங்க, எழுத்துப்பிழை மட்டும் பாத்துத் தரவா?"

"பாரு. ஆனா வரிசைய மாத்தக் கூடாது. நான்தான் முன்னால!"

"சத்தியமா மாத்தமாட்டேங்க."

இப்படியும் ஒரு பெண் விட்டுக்கொடுப்பாரா? அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை நான்.

விழாவில் அப்பா பொத்தானை அமுக்கினார். திரை முழுக்க அம்மா! நாற்காலியில் அமர்ந்து, சுவருக்குச் சுவர் சிரித்துக்கொண்டு. ஒரு முழங்காலில் குட்டி நூலகம். மடியில் அதைவிடக் குட்டியாய் அப்பா.

"என்னாடி இது?" அப்பா பல்லைக் கடித்தார்.

"வரிசை அப்படியேதாங்க இருக்கு. நீங்க முன்னால, நான் பின்னால. அளவப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன். மண்டபமே தட்டியது.

பணிப்பாளர் பொன்னாடையை அம்மாவுக்குப் போர்த்தினார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், மடியில இருக்கிறது உங்க மகனா?"

அம்மா அப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"மகன் மாதிரித்தாங்க சேர்."