பத்துக் கம்பி ஜெபமாலை

ராத்திரி ஏழே முக்காலுக்கு, இருட்டு நன்றாகக் கட்டிய பிறகு, மொட்டை மாடியில் யாரோ அழுதார்கள்.

லேசுப்பட்ட அழுகை இல்லை. அடிவயிற்றில் ஆரம்பித்து, தொண்டையில் வழுக்கி, மூக்கு வழியாக இழுத்து, கடைசியில் காற்றில் நூலாகத் தேய்ந்துபோகிற அழுகை. ராயபுரம் கல்மண்டபத்துப் பின் சந்து, கப்பல் ஊதுகிற சத்தத்துக்கும் கூட்ஸ் வண்டி கோர்க்கிற சத்தத்துக்கும் பழகிய சந்து. இதற்குப் பழகவில்லை. தெரு நாய்கள் இரண்டு கூடச் சேர்ந்து பாடிப் பார்த்து, சுருதி சேராமல் விட்டுவிட்டன.

கீழ்வீட்டு பதுருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறி வந்தாள். முதல் மாடி வாசலில் ஜானட், தோளில் ஆறு மாதக் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அழுகை சட்டென்று நின்றது. மேலேயிருந்து ஜானட்டின் கணவன் பிராங்கிளின் வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்தான்.

"இன்னா பிராங்கிளினு, மேல யாரு அழுதுகினு கீறது?"

பிராங்கிளின் பொய் சொல்வதில் கெட்டிக்காரன். சொன்ன பொய்யோடு குடித்தனம் பண்ணத்தான் அவனுக்குத் தெரியாது.

"நான்தான் பதுரக்கா."

"நீயா?"

"குந்திகினு ஜெபமாலை சொல்றேன். செஞ்சதெல்லாம் நெனச்சா கண்ணுல தானா தண்ணி வந்துடுது."

பதுருன்னிசா நெஞ்சில் கை வைத்தாள். "பாவம்டி உன் வூட்டுக்காரன்!"

"ஆமாக்கா," என்றாள் ஜானட். "நெறைய பாவம்."

தோளில் அதுவரை தூங்கிய குழந்தை கண்ணைத் திறந்து முகத்தைக் கோணியது. அதன் பெயர் அம்புரோஸ். பிராங்கிளினின் அப்பா பெயர், பெயருக்கேற்ற அதிகாரம். பகலெல்லாம் அசந்து தூங்குவான். விளக்கு வைத்ததும் நைட் ஷிப்டுக்கு வந்துவிடுவான். ஆறு மாதமாக ஜானட் தூங்கியதெல்லாம் குக்கர் மூன்று விசில் அடிக்கிற நேரம்தான்.

பிராங்கிளினின் கவலை வேறு. அழுதது அவன் இல்லை, ஒரு கிட்டார்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் அவன் பெட்டிகளின் நம்பர் குறிக்கிற கிளார்க். அவன் கையால் தொட்ட எந்த வாத்தியமும் உருப்பட்டதில்லை. வீட்டில் ஏற்கனவே நாக்கு போன ஆர்மோனியம் ஒன்று, நுரையீரல் கிழிந்த அக்கார்டியன் ஒன்று, கரப்பான் குடியிருந்த ட்ரம்பெட் ஒன்று. அம்புரோஸ் பிறந்த அன்று, "இனிமே ஒரு வாத்தியம் இந்த வூட்டு வாசப்படி மிதிக்காது" என்று கோயிலில் முட்டி போட்டுச் சத்தியம் செய்தான். மிதித்தால் அது மறுநாளே பழைய இரும்புக்குப் போகும் என்று ஜானட் ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

அப்புறம்தான் டோல்கேட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மஜீது கூப்பிட்டான்.

"மாமு, இது இன்னானு எனக்கே புரியல. மேல பாத்தா இஸ்திரி டேபிளு. கீழ பாத்தா தையல் மிஷினு. ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போன ஒரு குடும்பம் போட்டுட்டுப் போச்சி. ஒரு வாரமா இதும்மேலதான் நாஷ்டா துன்றேன்."

கடையில் அதை மூடியிருந்த போர்வையை பிராங்கிளின் விலக்கினான். நாலு கால் மேஜைமேல் மல்லாந்து படுத்த கிட்டார். பத்துக் கம்பி. அடியில் மூன்று பெடல். முட்டிக்கு நேராக நாலு நெம்புகோல்.

"மாமு, இது பெடல் ஸ்டீல் கிட்டார்! அறுபது வருசத்து ஐட்டம்!"

"ஸ்டீலா? அடப்பாவி, நான் தகரம்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஜானட் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன மதியம், கிட்டார் தெருப்பக்கமாகக் கயிறு கட்டி மொட்டை மாடி ஏறியது. அங்கே ஓர் ஆஸ்பெஸ்டாஸ் அறை. வாசப்படி மிதிக்காமல் வந்துவிட்டதால் சத்தியம் பாதி காப்பாற்றப்பட்டது என்று பிராங்கிளின் கணக்குப் போட்டான்.

அன்றிலிருந்து தினமும் ஏழே முக்காலுக்கு ஜெபம். இடது கை இரும்புக் கட்டையைக் கம்பிமேல் வழுக்கும். வலது கை மீட்டும். கால் பெடலை மிதிக்கும். முட்டிகள் நெம்புகோல்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். ஒவ்வொரு மிதிக்கும் கம்பி இழுபட்டு, சுரம் மாமியார் வீட்டுக்குப் போகிற புதுப்பெண் மாதிரி விசும்பும். வாசித்து முடித்ததும் லாரி மெக்கானிக் போல அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பிரிங்கையும் திருகையும் தட்டிக்கொடுப்பான்.

ஒரே பயம் துரு. ராயபுரத்துக் காற்றுக்கு இரும்பு என்றால் பிரியாணி. ஜன்னல், கேட், சைக்கிள் மணி எதையும் விடாது. ஆனால் ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, கிட்டார் கம்பி அன்று வாங்கினது போல மின்னியது. ஒரு சொட்டு எண்ணெய் அவன் விட்டதில்லை. பெடல் மட்டும் வெண்ணெயாக இறங்கியது. இது அற்புதம்தான் என்று முடிவு கட்டி, பிராங்கிளின் கோயிலுக்குப் போய் மாதாவுக்கு முழங்கை நீள மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வந்தான்.

ஒரு நாள் காலை லுங்கியை மடித்துக்கொண்டு பல் விளக்கும்போது ஜானட் கேட்டாள்.

"ஏங்க, முட்டில என்ன?"

"முட்டி போட்டு முட்டி போட்டு காச்சிப் போச்சி ஜானு."

"முட்டி போட்டா முன்னாடிதானே காய்க்கும்? உங்களுக்குப் பக்கவாட்டுல கன்னிப்போயிருக்கு. ரெண்டு காலுலயும்."

நுரை தொண்டைக்குள் போனது. "அது... நான் ஒரு பக்கமா பாத்து ஜெபம் பண்றதில்ல. இப்படித் திரும்பி திருவொற்றியூர்க்காரங்களுக்கு, அப்படித் திரும்பி ராயபுரத்துக்காரங்களுக்கு."

"நல்ல மனசு. அப்புறம், இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"ஏசு பாடுபட்டத நெனைக்கிற துயர மறையுண்மை செவ்வாயும் வெள்ளியும்தான். நேத்து புதன், அவர் உயிர்த்தெழுந்தத நெனைக்கிற மகிமை மறையுண்மை. அதுக்கும் ஏன் அழுதீங்க?"

ஜானட் கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள். அவளிடம் ஜெபமாலையில் கை வைத்தது தப்பு என்று பிராங்கிளினுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சந்தோசத்துல," என்றான்.

ஜானட் கொப்பளிக்கத் தண்ணீரை நீட்டினாள். அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம். "பரவால்ல. ஆனா ஜெபமாலையோட அம்பத்து மூணு மணியும் சீக்கிரம் முடிஞ்சிடுது. இன்னும் ரெண்டு பத்து சேர்த்துச் சொல்லுங்க. எட்டரை வரைக்கும் சொன்னாக்கூடத் தப்பில்ல."

பிராங்கிளினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யார்டுக்குப் போகிற வழியெல்லாம் பைக்கில் தனியாகச் சிரித்தான். அன்று எட்டரை வரை வாசித்தான். மறுவாரம் ஜானட்டே, "ஒன்பது வரைக்கும் போகலாமே, ஊர்ல எவ்வளவோ கஷ்டம்" என்றாள். ஒன்பது வரை வாசித்தான். இவ்வளவு படித்த பெண்டாட்டி இவ்வளவு வெகுளியாக இருக்கிறாளே என்று அவனுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு மூன்றாவது கம்பி அறுந்தது.

அதுதான் இருப்பதிலேயே மெல்லிசு. 'டிங்' என்று காதோரம் பறந்தது. அறையில் அமைதி. அரை நிமிஷம் கழித்து, கீழே அம்புரோஸ் துறைமுகமே எழுந்து நிற்கிற மாதிரி வீறிட்டான். படியில் காலடிச் சத்தம். பிராங்கிளின் போர்வையைத் தேடினான், அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தது. இடுப்பில் அலறும் அம்புரோஸோடு ஜானட்.

"மூணாவது கம்பியா?"

பிராங்கிளின் அறுந்த கம்பியைப் பார்த்தான், கிட்டாரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "ஜானு, சத்தியமா... நான் கண்ண மூடி ஜெபம் பண்ணிகினு இருந்தேன். தொறந்து பாத்தா இது நிக்குது!"

"காட்சி குடுத்துச்சா?"

பிராங்கிளின் எழுந்து, போர்வையை உருவிக் கிட்டார்மேல் போட்டான்.

"யோவ்!" என்றாள் ஜானட். கோபம் வந்தால் அவளிடம் கான்வென்ட் கழன்று காசிமேடு வந்துவிடும். "கொழந்தைத் துணி எங்கய்யா காயுது? தெனம் மூணு வாட்டி மொட்டை மாடி ஏறி எறங்கறது நீயா, நானா? நீ இத்த ஒளிச்சு வெச்ச மறுநா காலைல எட்டு மணிக்கே பாத்துட்டேன்!"

பிராங்கிளினுக்குக் கொடியில் வரிசையாகத் தொங்கிய நாப்கின்கள் இப்போதுதான் கண்ணில் பட்டன. ஒரு மாதமாக அவற்றுக்கு அடியில் குனிந்துதான் அவன் ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அப்போ... கம்பி துரு புடிக்காம..."

"துணி எடுக்க வர்றப்போ தொடச்சி வெக்கிறேன். பெடலுக்குத் தையல் மிஷின் எண்ணெ. உன் கை வேர்வைக்கு அது ரெண்டு நாள் தாங்குமா?"

"நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி வெச்சேனே!"

"நல்லதுதான். எனக்கு வேண்டிக்கினதா இருக்கட்டும்." மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். புதுக் கம்பி. "தொடைக்கறப்பவே மூணாவது நைஞ்சிருந்துச்சி. ஆன்லைன்ல வரவழைச்சி பத்து நாளாச்சி. மாட்டு சீக்கிரம்."

பிராங்கிளின் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். "இரும்புக் கடைக்குப் போடலியா?"

"போட்டுட்டு? இவன் ராத்திரில கண்ண மூடறதே நீ பாவத்துக்கு அழற நேரத்துலதான். கீழ நான் ஒவ்வொரு நாளும் வேண்டிக்கினு கீறேன், இந்த மனுசன் செஞ்ச பாவம் சீக்கிரம் தீந்துடக் கூடாதுன்னு."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஜானு."

"சொன்னா ஒழுங்கா வாசிப்பியா? திருட்டுத்தனம்னாதான்யா உனக்கு டயம் தவறாது."

கம்பி மாட்டப்பட்டது. கிட்டார் அன்றைக்கே, வாசப்படியை நாலு காலாலும் மிதித்துக்கொண்டு, கூடத்துக்கு வந்தது. ஒரு கால் பிராங்கிளின் பிடித்தான், ஒரு கால் பதுருன்னிசா பிடித்தாள். "இதுவா அழுதுச்சி? நான் உனக்காக அல்லாகிட்ட துஆ கேட்டேனேடா!" என்று அவன் முதுகில் ஒன்று போட்டுவிட்டுப் போனாள்.

பிராங்கிளினுக்கு வலிக்கவில்லை. அவன் காற்றில் இருந்தான். ஒளிவு இல்லை, மறைவு இல்லை. நடுக்கூடத்தில், ஃபேனுக்கு அடியில், மனைவி சம்மதத்தோடு வாசிக்கிறான்! உலகத்தில் எந்தக் கணவனுக்குக் கிடைக்கும்? ஜானட் தொட்டிலைக் கிட்டாருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டாள். அவன் உட்கார்ந்து, விரலுக்குக் கம்பி மீட்டுகிற இரும்பு நகம் மாட்டி, ஒரு இழுப்பு இழுத்தான். அம்புரோஸ் வாயை மூடினான். இரண்டாவது இழுப்பில் கண்ணை மூடினான்.

ஒரு பாட்டு முடிந்தது. பிராங்கிளின் கையை எடுத்தான். அம்புரோஸ் ஒரு கண்ணைத் திறந்தான்.

அவசரமாகக் கம்பிமேல் கை போனது. கண் மூடியது. கையை எடுத்தான். கண் திறந்தது, கூடவே வாயும். மறுபடி மீட்டினான். இரண்டு கையும் மாட்டிக்கொண்டன, இரண்டு காலும் மாட்டிக்கொண்டன, முட்டிகூட மிச்சமில்லை. கம்பியை வைத்துக்கொண்டு கம்பி நீட்ட முடியாத ஒரே மனிதனாக அவன் உட்கார்ந்திருந்தான்.

ஜானட் தலையணையைத் தட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக, யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற நிதானத்தோடு நடந்து படுக்கையறைக்குப் போனாள்.

"ஜானு," என்றான் பிராங்கிளின், குரலை உயர்த்தாமல், பெடலிலிருந்து காலை எடுக்காமல். "நான் எப்போ தூங்கறது?"

பதில் வந்தது. உள்ளேயிருந்து, தாழ்ப்பாள் விழுகிற சத்தமாக.